விடியக்காலமை கிணத்தடியில விரிப்புத் தோய்க்கிற மகன்: தாய் என்ன கதைக்கிறது?

08.06.2025. சாவகச்சேரிப் பக்கத்துத் தாய் ஒருத்தியின் கேள்வி

என்ர மகனுக்கு 13 வயசு முடிஞ்சுது. ரெண்டு மாதமா விடிய நாலரைக்கு எழும்பி, தன்ர படுக்கை விரிப்பைத் தானே கிணத்தடியில தோய்க்கிறான். கேட்டா, தண்ணிப் போத்தல் ஊத்துப்பட்டிட்டுது எண்டுறான். முந்தி தேத்தண்ணி குடிச்ச கோப்பையைக்கூடக் கழுவி வைக்காதவன். எனக்கு விளங்காமல் இல்லை. ஆனா தாய் கேக்கிற விசயமோ இது? மனுசனிட்டச் சொன்னா, விடு, தானாத் தெரிஞ்சு கொள்ளுவான் எண்டுறார். பள்ளிக்கூடத்தில சுகாதாரப் பாடத்தில படிப்பிப்பினம்தானே. நாங்கள் வாய் திறந்தா பிள்ளை கெட்டுப்போகாதோ?

08.06.2025, இரவு 10.40

தங்கச்சி, ஒண்டை மட்டும் சொல்லிப்போட்டுப் படுக்கிறன். அது வருத்தமில்லை. பெடியளுக்கு 9 வயசுக்கும் 14க்கும் இடையில உடம்பு மாறத் தொடங்கும். முதல் விதை பருக்கும், பிறகு மயிர் முளைக்கும், உயரம் எழும்பும், குரல் உடையும். அதுக்கிடையில ஒரு கட்டத்தில நித்திரையிலயே விந்து வெளிய வரும். சிலருக்குக் கிழமையில ரெண்டு தரம், சிலருக்கு மாதத்தில ஒருக்கா, சிலருக்கு வாறதேயில்லை. எல்லாம் சரிதான்.

உங்கட பெடியன் பயந்து போயிருக்கிறான். நாலரைக்கு எழும்புறான் எண்டா அதுக்கு முதல் எத்தினை மணிக்கு முழிச்சுக் கிடந்திருப்பான் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. மிச்சம் நாளைக்கு.

09.06.2025, மத்தியானம்

எங்கட வீட்டில நடந்ததைச் சொல்லுறன். போன வருசம் மாசி மாதம். மகனுக்கு அப்ப 13. வீட்டில மோட்டர் இருக்கு, குழாயைத் திறந்தாத் தண்ணி வரும். அவன் மோட்டர்ச் சத்தம் கேட்டுடும் எண்டு வாளியால அள்ளியிருக்கிறான். கப்பி கிரீச்சிடாமல் கயித்தை மெல்ல மெல்ல இழுத்தான். நான் குசினி யன்னலால பாத்துக்கொண்டு நிண்டனான். நல்ல பனி. சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு, சண்லைற் கட்டியால ஒரே இடத்தைப் போட்டுத் தேய்க்கிறான், தேய்க்கிறான், பத்து நிமிசம் இருக்கும். பேந்து மாட்டுக்கொட்டிலுக்குப் பின்பக்கத்து வேலியில விரிச்சுப்போட்டிட்டு, ஒண்டும் நடக்காத மாதிரி வந்து படுத்தான்.

இவரிட்டச் சொன்னன். நான் கதைக்கிறன், நீர் பேசாமல் இரும் எண்டு மோட்டச்சைக்கிளில ஏத்திக்கொண்டு போனார். ரெண்டு மணித்தியாலத்தால வந்திச்சினம். என்ன கதைச்சனியள் எண்டு கேட்டா, நல்லூரடியில ஐஸ்கிறீம் குடிச்சிட்டு, கிரிக்கெற் கதைச்சிட்டு வந்திருக்கினம். அவரைக் குறை சொல்ல மாட்டன். "என்னோட ஒருத்தரும் உதைக் கதைச்சதில்லை. எதில தொடங்கிறதெண்டே தெரியேல்லை" எண்டு சொல்லேக்க அவற்ர முகத்தைப் பாக்க எனக்கு அழுகை வந்திட்டுது. 46 வயசு மனுசன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. மகன் துருவலையில இருந்து தேங்காய் துருவிறான். நான் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மீன் வெட்டுறன். "தம்பி, இனி விடிய எழும்பி விரிப்புத் தோய்க்கத் தேவையில்லை. ஊத்தை உடுப்பு வாளிக்க போட்டு விடு. உன்ர வயசுப் பெடியளுக்கு நித்திரையில விந்து வெளிய வாறது வழமை. அது வருத்தமும் இல்லை, நீ ஒரு பிழையும் செய்யேல்லை" எண்டன்.

துருவிற சத்தம் நிண்டிட்டுது. நான் திரும்பேல்லை. மீன் செட்டையை உரசிக்கொண்டே நிண்டன். கொஞ்ச நேரத்தால, "அப்ப எனக்கு நரம்புத் தளர்ச்சி இல்லையோ அம்மா?" எண்டு கேட்டான்.

போனில ஆரோ ஒரு ஆள் கோட் சூட்டோட இருந்து, இப்பிடிப் போனா நரம்பு தளரும், ஞாபகசக்தி குறையும், கலியாணம் கட்டேலாது எண்டு சொல்லுறதைப் பாத்திருக்கிறான். அதுக்குப் பிறகு அவனுக்குக் கணக்குப் பாடத்தில புள்ளி குறைஞ்சது. தனக்கு மூளை போகுது எண்டு நினைச்சிருக்கிறான். அஞ்சு மாதம். ஒரே வீட்டில, ஒரே சுவருக்கு அங்காலையும் இங்காலையும் படுத்துக்கொண்டு அஞ்சு மாதம்.

அண்டைக்குச் சொதி கறுத்துப்போச்சு. சிரட்டை தேயத் தேயத் துருவிப்போட்டான். ஒருத்தரும் ஒண்டும் சொல்லாமல் சாப்பிட்டம்.

09.06.2025, இரவு

மேல எழுதினதை வாசிச்சிட்டு ஒரு ஐயா "விந்து விட்டான் நொந்து கெட்டான்" எண்டு முன்னோர் சும்மாவோ சொன்னவை எண்டு கேட்டிருக்கிறார். ஐயா, குறை நினையாதையுங்கோ. உந்த ஒரு பழமொழியால எத்தினை பெடியள் இரவிரவா அழுதிருப்பினம் எண்டு நான் கடையில நிண்டு பாத்தனான். ஒரு துளி விந்துக்கு இத்தினை துளி இரத்தம் எண்டுறதும் அப்பிடித்தான். எச்சில் ஊறுற மாதிரி உடம்பு அதைத் தன்ர பாட்டில உண்டாக்கிக்கொண்டே இருக்கும். வெளிய போனதால நரம்பும் தளராது, மூளையும் குறையாது.

நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில ஒரு மருந்துக்கடையில 11 வருசமா வேலை. அதால சில விசயம் தெரியும். டொக்டர் இல்லை, அதையும் சொல்லிப்போடுறன்.

11.06.2025

பள்ளிக்கூடத்தில படிப்பிப்பினம்தானே எண்டு கேட்டிருந்தனீங்கள். "சுகாதாரமும் உடற்கல்வியும்" எண்டு புத்தகம் இருக்கு, அரசாங்கம் சும்மா குடுக்குது. மகளின்ர புத்தகத்தை எடுத்து வாசிச்சுப் பாத்தன். மோசமில்லை. சூலகம், கருப்பை, விதை, மாதவிடாய் எல்லாம் தெளிவா இருக்கு. ஆனா அந்தப் பாடம் வந்த அண்டைக்கு ரீச்சர், இதை வீட்டில வாசியுங்கோ பிள்ளையள் எண்டு சொல்லிப்போட்டு அடுத்த பாடத்துக்குப் போயிட்டாவாம். வகுப்பில பின் வாங்கு முழுக்கச் சிரிப்பு. ரீச்சரை நான் ஏசேல்லை. அவவும் எங்களை மாதிரி ஒரு வீட்டில வளந்தவதானே. ஆனா பள்ளிக்கூடம் வீட்டில வாசி எண்டுது, வீடு பள்ளிக்கூடத்தில படி எண்டுது. பிள்ளை போய் போனைத் தட்டுது.

எல்லாப் பள்ளிக்கூடமும் அப்பிடியில்லை. மகனுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிற சேர், பெடியளைக் கேள்வியைப் பேப்பரில எழுதிப் பேர் போடாமல் ஒரு பெட்டிக்க போடச் சொல்லி, ஒவ்வொண்டா எடுத்துப் பதில் சொன்னவராம். மகன் வந்து சொன்னான். அவன் எந்தக் கேள்வி போட்டவன் எண்டு நான் கேக்கேல்லை.

15.06.2025, ஞாயிறு

இதை எழுதிறதோ விடுறதோ எண்டு மூண்டு நாள் யோசிச்சன்.

1995 ஐப்பசி 30. யுத்தத்தால யாழ்ப்பாணத்து வலிகாமம் பகுதிச் சனம் முழுக்க ஒரே இரவில வெளிக்கிட்டது உங்களில கனபேருக்கு ஞாபகம் இருக்கும். மழை. செம்மணி வெளியில சனம் அசைய ஏலாமல் நிண்டது. நாவற்குழிப் பாலத்தைத் தாண்ட எங்களுக்கு விடிஞ்சு போச்சு. எனக்கு 12 வயசு. தென்மராட்சியில ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில அஞ்சு குடும்பம் இருந்தம். மறிப்புக்குச் சீலை கட்டினது.

அங்க போய் மூண்டாம் கிழமை, காலமை எழும்பேக்க பாவாடையில இரத்தம். செல் துண்டு பட்டிட்டுது எண்டு நினைச்சன். நோகாமலும் காயம் வரும் எண்டு பெரியாக்கள் கதைக்கக் கேட்டிருந்தன். எங்க பட்டது எண்டு தேடினன், காயத்தைக் காணேல்லை. உள்ளுக்க பட்டிருக்கு, சாகப்போறன் எண்டு முடிவெடுத்திட்டன். அம்மாட்டச் சொல்லேல்லை. ஏனெண்டா அம்மா ஏற்கெனவே அப்பாவைக் காணேல்லை எண்டு அழுதுகொண்டிருந்தவ. அவர் சைக்கிளில சாமானோட பின்னால வந்தவர், நாலு நாள் கழிச்சுத்தான் வந்து சேந்தவர். அதுக்குப் பிறகும் அம்மாவின்ர முகம் தெளியேல்லை.

மத்தியானம் வரைக்கும் சுவரோட சாஞ்சு இருந்தன். பக்கத்துக் குடும்பத்து அம்மம்மா ஒராள் கண்டிட்டா. எழும்படி பிள்ளை எண்டு கையைப் பிடிச்சுக் கிணத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனா. அம்மா தன்ர ஒரு சீலையைக் கிழிச்சுத் தந்தா. ஒருத்தரும் என்ன இது எண்டு சொல்லேல்லை. "இனிப் பெடியங்களோட விளையாடாதை" எண்டு மட்டும் சொன்னவை. அப்ப பெடியங்களோட விளையாடினதாலதான் வந்தது எண்டு நான் விளங்கிக்கொண்டன். பதினாறு பதினேழு வயசு வரைக்கும் அப்பிடித்தான் நம்பினன்.

அம்மாவில எனக்குக் கோபமில்லை. போன வருசம் அவ சாகிறதுக்கு முதல் ஒருக்கா இதைக் கேட்டன். "எனக்கும் ஒருத்தரும் சொல்லேல்லையடி. உனக்கு என்னெண்டு சொல்லுறதெண்டு தெரியேல்லை" எண்டா. இவர் சொன்ன அதே வசனம்.

16.06.2025

நேற்று எழுதினதை வாசிச்சிட்டு, இப்பத்தைய பிள்ளையளுக்கு அப்பிடியில்லை எண்டு ரெண்டு பேர் எழுதியிருக்கினம். என்ர மகளின்ர கதையைக் கேளுங்கோ.

2019 கடைசியில அவள் பெரியபிள்ளையானவள். 11 வயசு. எங்கட வழக்கப்படி எல்லாம் நடந்தது. தலைக்குத் தண்ணி வாத்தம், தனி அறை, பக்கத்தில வேப்பிலையும் இரும்பும், விடிய வெறும் வயித்தில பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், உழுத்தங்களி, கத்தரிக்காய்ப் பால்கறி. கனடாவில இருந்து மாமா வந்தார். மண்டபம் எடுத்து, பால் அறுகு வைச்சு, ஆலாத்தி எடுத்து, வீடியோவும் அல்பமும் எண்டு பெரிசாச் சாமத்தியவீடு செய்தம். ஊர் முழுக்க அறிஞ்சுது.

அதெல்லாம் முடிஞ்சு ஒரு கிழமையால திரும்ப வந்திட்டுது. பிள்ளை குளியலறைக்க இருந்து குழறுறாள்: "அம்மா, திரும்பவும் வந்திட்டுது! நீங்கள்தானே எல்லாம் முடிஞ்சுது எண்டனீங்கள்?"

எங்கட பிள்ளை, ஒவ்வொரு மாதமும் வரும் எண்டு தெரியாமல், ஒருக்கா வந்து, விழாச் செய்து, முடிஞ்சுபோற விசயம் எண்டு நினைச்சிருக்கிறாள். நானூறு பேருக்குச் சொன்ன நான், அவளுக்குச் சொல்லேல்லை. அந்தக் கதவுக்கு வெளியில நிண்டுகொண்டு 1995இல இருந்த அந்த வகுப்பறைதான் நினைவுக்கு வந்தது.

அண்டைக்கு இரவே அவளோட படுத்துக்கொண்டு சொன்னன். கருப்பை உள்பக்கத்தில மெத்தை மாதிரி ஒரு படலம் கட்டும், கரு தங்காட்டி அது கழண்டு வெளிய வரும், அதுதான் இது எண்டு. முதல் ரெண்டு மூண்டு வருசம் திகதி ஒழுங்கா வராது, 21 நாளிலயும் வரலாம், 45 நாளும் போகலாம். பாக்கப் பயமா இருந்தாலும் மொத்தமா அரைக் கோப்பை இரத்தங்கூடப் போகாது. சுகாதாரத் துவாயை (பாட்) நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, கூடினா ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா மாத்த வேணும். ஏழு நாளுக்கு மேல போனா, இல்லாட்டி மணித்தியாலத்துக்கு ஒரு பாட் நனைஞ்சா டொக்டரிட்டக் காட்ட வேணும். எல்லாத்தையும் கேட்டிட்டு, "அப்ப பச்சை முட்டை எதுக்கம்மா?" எண்டாள். அதுக்கு எனக்கும் பதில் தெரியாது. அடுத்த நாளில இருந்து முட்டையை அவிச்சுக் குடுத்தன்.

சாமத்தியவீடு வேண்டாம் எண்டு நான் சொல்ல வரேல்லை. அது சொந்தங்கள் கூடுற சந்தோசம். ஆனா அந்தத் தனி அறையில பிள்ளை இருக்கிற நாளுகளில அவளோட ஆர் இருக்கினம்? சித்தி, மாமி, மச்சாள்மார் எல்லாரும் வந்து போகினம். அதில ஒராள் ஒரு மணித்தியாலம் இருந்து சொல்லிக் குடுத்தா எவ்வளவு நல்லம். அந்த அறை அதுக்கெண்டே கட்டின மாதிரி இருக்கு.

22.06.2025

உதுகளைத் தமிழில கதைக்கச் சொல் இல்லை, இங்கிலீசில எண்டாப் பரவாயில்லை எண்டு ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தம்பி, உங்களுக்கு மானிப்பாய் தெரியும்தானே. அமெரிக்க மிசனில இருந்து வந்த டொக்டர் சாமுவேல் கிறீன் 1847இல யாழ்ப்பாணத்துக்கு வந்தவர். மருத்துவத்தைத் தமிழில படிப்பிக்க வேணும் எண்டு நிண்டு, உடற்கூறில இருந்து பிரசவம் வரைக்கும் தமிழில நூல் ஆக்கினவர். மானிப்பாயில பெடியள் தமிழில படிச்சு டொக்டர்மாராய் வெளிக்கிட்டவை. நூற்றைம்பது வருசத்துக்கு மேலாச்சு. சொல் இருந்தது. வீட்டுக்க வரேல்லை, அவ்வளவுதான்.

எங்கட வீட்டில ஆண்குறிக்குக் குஞ்சாமணி எண்டு சின்னனில சொல்லுவம். நாலு வயசுக்கு அது சரி. பெண்பிள்ளையளுக்கு அதுகூட இல்லை. "கீழ", "அங்க", "அந்த இடம்". கடைக்கு வாற பெண்டுகள் "தங்கச்சி, கீழ கடிக்குது" எண்டா நான் கால் விரலோ எண்டு யோசிக்க வேண்டியிருக்கு. பேர் இல்லாத இடத்தில நோவு வந்தா எப்பிடிச் சொல்லுறது? ஆரும் தொட்டா எப்பிடிச் சொல்லுறது?

பேர் சொல்லிப் பழக்குங்கோ. மூண்டு நாலு வயசில குளிப்பாட்டேக்க சொல்லலாம். கை, கால், வயிறு, ஆண்குறி, யோனி. பிள்ளைக்கு எல்லாம் ஒண்டுதான். வெக்கம் எங்களுக்குத்தான்.

05.07.2025

"வாய் திறந்தா கெட்டுப்போகாதோ?" எண்ட கேள்விக்கு நான் இன்னும் ஒழுங்காப் பதில் சொல்லேல்லை.

கடையில எப்பவும் ஒரு காட்சி. பின்னேரம் ரியூசன் விடுற நேரம். ஒரு பெடியன் வந்து கண்ணாடிப் பெட்டிக்க இருக்கிற பனடோலைப் பாத்துக்கொண்டே நிப்பான். ஆக்கள் போக வேணும். கடைசியில போனில எழுதிக் காட்டுவான். சில நேரம் கர்ப்பம் பாக்கிற கிற். "அக்காவுக்கு." சில நேரம் அவசரக் கருத்தடைக் குளிசை. நடந்து எத்தினை நாள் எண்டு மெல்லக் கேப்பன். அஞ்சு நாள், ஆறு நாள் எண்டுவினம். அந்தக் குளிசை 72 மணித்தியாலத்துக்குள்ள போட வேணும், எவ்வளவு கெதியாப் போடுறமோ அவ்வளவு நல்லம். ஆறு நாளுக்குப் பிறகு அதை விக்கிறது காசு புடுங்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ, பெரிய ஆள் ஒருத்தரிட்டச் சொல்லு எண்டு சொல்லி அனுப்பினால், போய்ச் சேந்தினமோ தெரியாமல் இரவு நித்திரை வராது.

அந்தப் பிள்ளையளை ஆரும் கதைச்சுக் கெடுக்கேல்லை. ஒருத்தரும் கதையாததாலதான் ஆறாம் நாள் வந்து நிக்கினம். ஆணுறை கருத்தரிப்பையும் தடுக்கும், எச்.ஐ.வி., மேகநோய் மாதிரித் தொற்றுகளில இருந்தும் பாதுகாக்கும் எண்டுற ஒரு வசனத்தைக்கூட அவை வீட்டில கேட்டிருக்க மாட்டினம்.

என்ர மகளுக்கு இப்ப 17. நான் எல்லாம் சொன்னனான். 18 வயசுக்குக் கீழ சம்மதம் எண்டாலும் சட்டத்தில செல்லாது எண்டதையும் சொன்னனான்.

06.07.2025

நேற்று எழுதினதில ஒரு பிழை. சட்டம் படிச்ச ஒரு பிள்ளை திருத்தினவ, நன்றி. இலங்கையில சம்மத வயசு 16. 1995இல தண்டனைச் சட்டத்தைத் திருத்தி, 12இல இருந்து 16 ஆக்கினது. 16க்குக் கீழ்ப்பட்ட பெண்பிள்ளை தானா ஓம் எண்டிருந்தாலும் அது வல்லுறவுக் குற்றம். 18 எண்டுறது பொதுச்சட்டத்தில கலியாண வயசு. ரெண்டையும் நான் ஒண்டாக் குழப்பிப்போட்டன். மகளிட்டயும் பிழையாச் சொல்லியிருக்கிறன் எண்டு இண்டைக்குக் காலமை அவளுக்குச் சொன்னன். "எனக்குத் தெரியும் அம்மா, நீங்கள் சொல்லேக்கயே தெரியும்" எண்டாள். ஏன் திருத்தேல்லை எண்டு கேட்டன். "நீங்கள் கதைக்கிறதே பெரிய விசயம், நிப்பாட்டிப்போடுவீங்களோ எண்டு பயந்தனான்" எண்டாள். அதுக்குப் பிறகு எனக்கு ஒரு கதையும் வரேல்லை.

பெடியனை வைச்சிருக்கிற தாய்மாரும் உந்தச் சட்டத்தைச் சொல்லிக் குடுக்க வேணும். "நாங்கள் விரும்பித்தான்" எண்டு சொல்லி 18 வயசுப் பெடியள் வழக்கில நிக்கிறதை ஊரில காணுறம்.

19.07.2025

அண்ணாவின்ர அனுமதியோட இதை எழுதுறன். ஊர், பேர் கேக்க வேண்டாம்.

அவரின்ர மகனுக்கு 15 வயசில, ஒரு நாள் இரவு ஒன்பது மணிபோல விதையில திடீரெண்டு கடும் நோ. சத்தி. தாய் வந்து கேக்க, வயித்துக்குத்து எண்டான். ஓமத்தண்ணி குடுத்திருக்கினம். இரவு முழுக்கத் தலையணையைக் கடிச்சுக்கொண்டு கிடந்திருக்கிறான். விடிய எழும்ப ஏலேல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகேக்க பன்ரண்டு மணித்தியாலம் கடந்திட்டுது. விதை முறுகிக்கொண்டு, அதுக்குப் போற இரத்தம் நிண்டிருக்கு. ஆறு மணித்தியாலத்துக்குள்ள வந்திருந்தா அநேகமாத் திருப்பிக் காப்பாத்தியிருக்கலாம் எண்டு டொக்டர் சொன்னார். ஒண்டை எடுக்க வேண்டி வந்திட்டுது. மற்றது நல்லா இருக்கு, நாளைக்குப் பிள்ளை பெறுறதுக்கு ஒரு குறையும் வராது. ஆனா 15 வயசுப் பெடியனுக்கு அதை எப்பிடி விளங்கப்படுத்திறது?

ஏனடா சொல்லேல்லை எண்டு அண்ணா கேட்டிருக்கிறார். "என்னெண்டு சொல்லுறது அப்பா" எண்டிருக்கிறான்.

பெடியனை வைச்சிருக்கிற எல்லாரும் தயவுசெய்து இண்டைக்கே சொல்லுங்கோ. விதையில திடீரெண்டு நோ வந்தா, நடுச்சாமம் எண்டாலும் எழுப்ப வேணும். அடிவயித்து நோவோட சத்தியும் வந்தா நீங்களே கேளுங்கோ, விதை நோகுதோ எண்டு. 12இல இருந்து 18 வரைக்குமான வயசிலதான் இது கூட வாறது. விடியட்டும் எண்டு பாக்க வேண்டாம்.

10.08.2025

நல்லூர்த் திருவிழா தொடங்கினாக் கடையில ஒரே குளிசைக் கேள்வி. "தேருக்குப் பிள்ளைக்கு வரப்போகுது, தள்ளிப்போட ஒண்டு தாங்கோ." தாய்மார்தான் வருவினம், பிள்ளை வெளியில ஸ்கூட்டியில இருப்பாள். நோர்எதிஸ்ரெறோன் எண்டுறது ஓமோன் மருந்து. வாறதுக்கு மூண்டு நாள் முன்னமே தொடங்க வேணும். நிப்பாட்டி ரெண்டு மூண்டு நாளால வரும். டொக்டரின்ர துண்டு இல்லாமல் நான் குடுக்கிறதில்லை. கால் வீக்கம், ஒற்றைத் தலைவலி, ஈரல் வருத்தம் எண்டு பாக்க வேண்டிய சங்கதி கன இருக்கு. போன கிழமை வந்த தாய், பிள்ளைக்கு நேற்றே வரத் தொடங்கிட்டுது, இப்பவே நிப்பாட்டுங்கோ எண்டா. அது ஏலாத காரியம்.

நான் அந்தப் பிள்ளையை உள்ளுக்க கூப்பிட்டு, நோ இருக்கோ எண்டு கேட்டன். அதை அவளைப் பாத்துக் கேட்ட முதல் ஆள் நான்தானாம். பயங்கர நோ, மாதம் ரெண்டு நாள் பள்ளிக்கூடம் போறதில்லையாம். தாய்க்கு அது தெரியாது, காய்ச்சல் எண்டு சொல்லித்தான் நிண்டிருக்கிறாள். துடக்கு எண்டு கோயிலுக்குப் போறதோ இல்லையோ அவையவையின்ர நம்பிக்கை, அதில நான் தலையிட மாட்டன். நோவை டொக்டரிட்டக் காட்டச் சொல்லி அனுப்பினன்.

இதோட இன்னொண்டு. தரம் 6 பெண்பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடத்தில எச்.பி.வி. ஊசிக்குக் கடிதம் வரும். 2017இல இருந்து போடுகினம். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கத்தான். பிள்ளைப்பேறு இல்லாமல் போகும் எண்டு வட்சப்பில வாறது பொய். ஒப்பம் வைச்சு அனுப்புங்கோ. சந்தேகம் எண்டா உங்கட பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரைக் கேளுங்கோ, பிள்ளைப்பேறு நேரம் வீட்டை வந்து போறவதான்.

24.08.2025

பேர் சொல்லிப் பழக்கிறதைப் பற்றி எழுதேக்க ஒண்டை விட்டிட்டன். மகளுக்கு 13 வயசில, ரியூசன் படிப்பிச்ச ஒராள் கொப்பி திருத்திற சாட்டில பின்னால வந்து நிண்டு, சட்டைக்கு மேலால முதுகில தடவி, உள்ளாடைக் கொழுக்கியில விரல் வைச்சிருக்கிறார். அண்டைக்குப் பின்னேரமே வந்து, எந்த இடம், எத்தினை தரம், என்ன சொன்னவர் எண்டு ஒண்டும் விடாமல் சொன்னாள். நான் கேட்டது ஒண்டே ஒண்டு: வேற பிள்ளையளுக்கும் செய்தவரோ? மூண்டு பேரின்ர பேர் சொன்னாள். அந்தத் தாய்மாரிட்டப் போனன். ஒருத்தி, பிள்ளையின்ர பேர் கெட்டுப்போம் எண்டு கதவைச் சாத்தினா. ரெண்டு பேர் வந்தினம். 1929க்கு அடிச்சம், சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின்ர இலக்கம், 24 மணித்தியாலமும் எடுக்கலாம். அந்த ஆள் இப்ப அங்க படிப்பிக்கிறதில்லை.

கதவைச் சாத்தின தாயை நான் இப்பவும் சந்தையில காணுறனான். அவவின்ர பிள்ளை சொன்னதோ, சொல்லப் பயந்ததோ தெரியாது. அதுதான் எனக்கு ஆறாத கவலை.

07.09.2025

சாவகச்சேரித் தங்கச்சி மூண்டு மாதத்துக்குப் பிறகு எழுதியிருக்கிறா. மகனோட கதைச்சவவாம். முகம் பாக்காமல், உடுப்பு மடிச்சுக்கொண்டு. அவன் "சரி அம்மா" எண்டு மட்டும் சொன்னவனாம். பேந்து, தனக்கு இன்னொரு விரிப்பு வேணும், மாத்திப் போட எண்டு கேட்டவனாம். அதுக்கு மேல ஒண்டும் கதைக்கேல்லை, நான் பிழையாச் சொல்லிப்போட்டனோ எண்டு பயப்படுறா.

இல்லைத் தங்கச்சி. விரிப்புக் கேட்டிட்டான்தானே. ரெண்டா வாங்குங்கோ.